வீடு மாறுகிறவர்களின் ஓட்டு

வாக்குப்பதிவு முடிந்த அன்றிரவே சென்னைக்குத் திட்டு விழத் தொடங்கிவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகம் முழுவதும் சேர்த்து 69.72 சதவீத வாக்குகள் பதிவாயின. தருமபுரி 81.20 சதவீதத்துடன் முதலிடத்தில் நின்றது. மத்திய சென்னை 53.96, தென் சென்னை 54.17 என்று கடைசியில் நின்றன. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் இதே கதைதான்: தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் 87.33, சென்னை வில்லிவாக்கத்தில் 55.52. உடனே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. படித்தவர்களுக்குப் பொறுப்பில்லை, விடுமுறை கிடைத்தால் வெளியூர் கிளம்பிவிடுகிறார்கள், ஓட்டுப் போடாதவர்களுக்குக் குறை சொல்ல உரிமையில்லை என்று. இந்தத் தீர்ப்பில் பெரும்பகுதி தவறு என்பது என் கருத்து. ஒரு பகுதியின் வாக்குப்பதிவு சதவீதம் அங்கே வசிப்பவர்களின் குடிமை உணர்வைவிட, அவர்கள் எத்தனை காலமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. சொந்த வீட்டுக்காரர்கள் எத்தனை பேர், வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர், வேலைக்காக வந்தவர்கள் எத்தனை பேர், அப்புறப்படுத்தப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால், அந்தப் பகுதியின் சதவீதத்தை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சதவீதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே பதிவான வாக்குகள், கீழே பட்டியலில் உள்ள பெயர்கள். மேலே உள்ள எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், கீழே உள்ளதை யாரும் பார்ப்பதில்லை. வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கும் தலைமை அலுவலரிடம் வாக்காளர் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் இருக்கும். வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுக்கப்பட்ட பெயர்கள் அதில் இருக்கும். தேர்தல் ஊழியர்கள் அதை ஏ.எஸ்.டி. பட்டியல் என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் கூடுதல் கவனத்தோடு சரிபார்க்க வேண்டும் என்பதற்காகத் தயாரிக்கப்படுவது அது. ஆக, இந்தச் சாவடியில் இன்னார் வரமாட்டார்கள் என்பது தேர்தல் ஆணையத்துக்குக் காலையிலேயே தெரியும். ஆனால் மாலையில் சதவீதம் போடும்போது அந்தப் பெயர்களும் கணக்கில் இருக்கும். ஆயிரம் பெயர் உள்ள சாவடியில் இறந்தவர்களும் போய்விட்டவர்களும் இருநூறு பேர் என்றால், இருக்கிற எண்ணூறு பேரும் ஒருவர் விடாமல் வந்து நின்றாலும் 80 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அந்த இருநூறு பேரையும் சேர்த்துத்தான் அந்தத் தெருவுக்கு அக்கறையில்லை என்கிறோம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2025 இறுதியில் வெளிப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. நவம்பரில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் 6.41 கோடிப் பெயர்களில் சுமார் 97 லட்சம் இல்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம், இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் 66 லட்சம், இரட்டைப் பதிவு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் என்று காரணம் சொல்லப்பட்டது. மாநில மொத்தத்தைவிட மாவட்ட வாரியான கணக்குதான் நம் கேள்விக்கு முக்கியம். சென்னையில் 40 லட்சம் பெயர்களில் 14.25 லட்சம் போயின, அதாவது மூன்றில் ஒன்றுக்கும் மேல். செங்கல்பட்டில் சுமார் 7 லட்சம், கோவையில் சுமார் 6.5 லட்சம். தருமபுரியிலோ சுமார் 81 ஆயிரம்தான், அந்த மாவட்டப் பட்டியலில் ஏழு சதவீதத்துக்கும் குறைவு. வாக்குப்பதிவில் முதலிடத்தில் இருந்த மாவட்டத்தில் பட்டியலும் மனிதர்களும் பெரும்பாலும் பொருந்திப் போகிறார்கள். கடைசி இடத்தில் இருந்த நகரத்தில் பொருந்தவே இல்லை. இரண்டும் தற்செயலாக ஒன்றாக நடந்தவை என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் சென்னைக்காரர்கள் உண்மையில் ஒழுங்காகத்தான் ஓட்டுப் போட்டு வந்திருக்கிறார்கள், பட்டியலில் இருந்த வெற்றுப் பெயர்கள்தான் அவர்கள் மானத்தை வாங்கின என்று முடித்துவிடலாமா? முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2021 தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளிலும் சேர்த்து நாற்பதரை லட்சம் வாக்காளர்கள், பதிவு 59 சதவீதம். ஆக, வாக்களித்தவர்கள் சுமார் 24 லட்சம். வரைவுப் பட்டியலில் மிஞ்சியவர்கள் 25.79 லட்சம். அந்த 24 லட்சத்தை இந்த 25.79 லட்சத்தால் வகுத்தால் 93 சதவீதம் வருகிறது. பெருநகரங்கள் பொதுவாக அப்படி வாக்களிப்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தவர்களையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுவதும் அடைபடாது. எனவே நீக்கப்பட்ட பெயர்களில் சென்னையிலேயே இருக்கிற, முன்பு வாக்களித்த மனிதர்களும் கணிசமாக இருந்திருக்க வேண்டும். பின்னர் அவகாசத்துக்குள் விண்ணப்பித்துத் திரும்பச் சேர்ந்தவர்கள் இருந்ததே அதற்குச் சாட்சி. பட்டியலின் பிழை இருபக்கமானது. ஆளில்லாத பெயர்களும் அதில் உண்டு, பெயரில்லாத ஆட்களும் அதற்கு வெளியே உண்டு. இரண்டு பிழைகளுமே நகரம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் வாழும் தெருக்களில்தான் இரண்டும் குவிந்திருக்கின்றன.

ஒரு சாதாரண வாடகைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பதினொரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாளில் எழுதியது, பதிவு செய்யாதது. வாடகை ஏறியதும் வில்லிவாக்கத்திலிருந்து கொரட்டூருக்கு, பிள்ளையின் பள்ளிக்காக அங்கிருந்து வேறு இடத்துக்கு. சட்டப்படி ஒருவர் எங்கே வழக்கமாக வசிக்கிறாரோ அங்கேதான் வாக்காளராக இருக்க வேண்டும், வேறிடத்தில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் அங்கே வாக்குரிமை தராது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது இது. ஆகவே ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்ற வேண்டும். முகவரிச் சான்று என்ன? மின் கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், குடிநீர் வரியும் அவர் பெயரில்தான். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த மாநில வாடகைச் சட்டமும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் பதிவு செய்யலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் வீடே கிடைக்காமல் போகலாம் என்பது வாடகைக்கு அலைந்த எல்லோருக்கும் தெரியும். சான்று எதுவும் இல்லையென்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து சரிபார்க்கலாம். அவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். தன் வேலை முடிந்து சாயங்காலம் வருவார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி பெயரெழுதச் சொல்லி நிறுத்துவார். கதவு பூட்டியிருக்கும், வீட்டில் இரண்டு பேருமே வேலைக்குப் போயிருப்பார்கள். அவர் குறிப்பேட்டில் அந்த வீடு ‘இல்லை’ என்று பதிவாகும். இதில் யாருடைய சோம்பலும் இல்லை. சொந்த வீட்டில் முப்பது வருடம் இருப்பவரை மனதில் வைத்து அமைத்த ஏற்பாடு, வீடு மாறுகிறவரிடம் வந்து முட்டி நிற்கிறது, அவ்வளவுதான்.

தாமாக வீடு மாறுகிறவர்கள் நிலையே இது என்றால், மாற்றப்பட்டவர்கள் நிலை இன்னும் கடினம். கூவம், அடையாறு ஓரங்களிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டன. சுனாமிக்குப் பின் ஓர் அலை, 2015 வெள்ளத்துக்குப் பின் இன்னோர் அலை. கண்ணகி நகரிலும் அதையொட்டிய எழில் நகரிலும் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு குடும்பத்தை லாரியில் ஏற்றி இருபது கிலோமீட்டர் தள்ளி இறக்கும் அரசு, அதன் ஓட்டைக் கூடவே ஏற்றுவதில்லை. அது பழைய கரையோரத்து முகவரியில், இடிக்கப்பட்டுவிட்ட வீட்டின் எண்ணில் கிடக்கிறது. அந்தக் குடும்பம் ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்து ஏறிப் பழைய இடத்துக்குப் போய் வாக்களிக்க வேண்டும், அல்லது புதிய இடத்தில் தானே விண்ணப்பித்துச் சேர வேண்டும். அந்தப் புதிய இடமோ, 2021-இல் மாநிலத்திலேயே மிக அதிகமாக ஏறத்தாழ ஏழு லட்சம் வாக்காளர்கள் இருந்த சோழிங்கநல்லூர் தொகுதி. அதே தேர்தலில் துறைமுகம் தொகுதியில் இருந்தவர்கள் ஒன்றேமுக்கால் லட்சம். நகர மையத்தில் இருந்தவரைத் தெற்கு எல்லைக்கு அனுப்பினால், அவர் வீட்டோடு அவருடைய ஓட்டின் எடையும் குறைந்துவிடுகிறது.

இங்கே எழும் மறுப்பு நியாயமானது. இது எல்லாம் சரி, வசதியுள்ள மத்தியதர வகுப்பினர் உண்மையிலேயே வாக்களிப்பதில்லையே, அதை மறைக்கப் பார்க்கிறாயா? மறைக்கவில்லை. 2024-இல் உழைக்கும் மக்கள் அதிகமாக வாழும் வட சென்னையில் 60.11 சதவீதம், தென் சென்னையில் அதைவிட ஆறு புள்ளி குறைவு. அமெரிக்காவில் வருமானம் ஏற ஏற வாக்களிப்பும் ஏறுகிறது. இந்தியாவில் அப்படியில்லை, ஏழைகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மற்றவர்களுக்கு ஈடாகவோ கூடுதலாகவோ வாக்களிக்கிறார்கள் என்பதை 1990-களின் தேர்தல்களை ஆராய்ந்து அரசியல் ஆய்வாளர் யோகேந்திர யாதவ் எடுத்துக்காட்டினார். தண்ணீரும் பட்டாவும் ரேஷனும் அரசியல்வாதி வழியாகத்தான் வர வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஓட்டு ஒரு கருவி. போர்வெல்லும் தனியார் பள்ளியும் இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட சென்னைக்கு இன்னொரு குணமும் உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் போன்ற இடங்களில் மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். தென் சென்னையின் வேளச்சேரி பக்கம் ஐ.டி. வேலைக்காக வந்து வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். வருமானத்தின் விளைவு எது, குடியிருப்புக் காலத்தின் விளைவு எது என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பிடித்துத் திட்டுவதுதான் தவறு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது, அதற்கு என் வாதம் முழு விடை தராது. 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் 43.59 சதவீதம்தான் பதிவானது. முந்தைய ஆண்டின் சட்டமன்றத் தேர்தலில் 59 சதவீதம். இவ்வளவு குறுகிய காலத்தில் பட்டியல் பெரிதாக மாறியிருக்காது, ஆகவே இந்த இறக்கத்துக்குப் பட்டியல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் மாநகராட்சிகளில் 52, நகராட்சிகளில் 68, பேரூராட்சிகளில் 75 சதவீத அளவுக்குப் பதிவாகியது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இரு கட்டங்களிலும் 76 சதவீதத்தைத் தாண்டியது. ஊர் சிறிதாகச் சிறிதாகப் பதிவு ஏறுகிறது. வேட்பாளர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிகிற இடத்தில் வாக்காளர் வருகிறார். சென்னையிலோ 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கவுன்சிலர்களே இல்லை. அவர்கள் இல்லாமலே நகரம் ஓடியதைப் பார்த்துவிட்ட வாக்காளருக்கு, மேயரையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாத ஒரு தேர்தலில் ஆர்வம் குறைந்ததில் வியப்பில்லை. ஆர்வக் குறைவு இருக்கிறது, ஆனால் அதை வளர்த்ததில் அரசுக்கும் பங்குண்டு.

அதிக சதவீதம் எப்போதும் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்வதும் பிழை. சென்னை ஆர்.கே. நகர் தொகுதியில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. டிசம்பரில் நடந்தபோது 77 சதவீதத்துக்கும் மேல் பதிவானது. அதே தொகுதியில் 2021 பொதுத் தேர்தலில் அது 66 சதவீத அளவுக்கு இறங்கியது. அதே தெருக்கள், பெரும்பாலும் அதே மக்கள். தேடி வந்து வீட்டுக்கதவைத் தட்டுகிறவர்கள் இருந்தால் பதிவு ஏறும், அவர்கள் எதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது வேறு விஷயம். பணத்தோடு கட்சிக்காரர் வருவதற்குப் பதில் படிவத்தோடு அலுவலர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. டெல்லியிலும் லக்னோவிலும் வேலைக்காக வந்து குடியேறியவர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்க்க உதவினால் என்ன நடக்கிறது என்று நிகர் கைக்வாட், கேரத் நெல்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்களிடையே பதிவு 24 புள்ளிகளும், அடுத்த தேர்தலில் வாக்களிப்பு 20 புள்ளிகளும் உயர்ந்தன. புதிய வாக்காளர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பகுதிகளில் அரசியல்வாதிகள் கூடுதலாகப் பிரசாரமும் செய்தார்கள். அக்கறையில்லை என்று நாம் முத்திரை குத்தும் அதே மக்கள்தான் இவர்கள்.

ஒரு பகுதி எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறது என்ற கேள்வியும் இங்கேதான் வந்து சேர்கிறது. சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்பது தேர்தலுக்குப் பின் படிவம் 20-இல் வெளியாகிறது. ‘இந்தத் தெரு நம்ம தெரு, அந்த நகர் அவங்க நகர்’ என்று கட்சிகள் வரைபடம் போடுவது அதை வைத்துத்தான். வாக்குச்சீட்டுக் காலத்தில், எந்தப் பகுதி யாருக்குப் போட்டது என்று தெரியாமலிருக்கச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த மறைவு போய்விட்டது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் கருவியை 2008-இல் ஆணையமே முன்மொழிந்தது, 2015-இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது, இன்னும் வரவில்லை. என் கவலை இதில் ஒரு படி மேலே போகிறது. அந்த வரைபடமே அரைகுறை. ஒரு சாவடியில் பாதிப்பேர்தான் வாக்களித்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் இருப்பவர்கள் என்றால், படிவம் 20 காட்டுவது அந்தத் தெருவின் மனதை அல்ல, சொந்த வீட்டுக்காரர்களின் மனதை. குடிநீர்க் குழாய் யாருக்கு, பூங்கா எங்கே, எந்தக் குடியிருப்பை முதலில் அகற்றலாம் என்பதை அந்த மனதைப் பார்த்து முடிவு செய்வார்கள். 2021-இல் தியாகராய நகர் தொகுதி 137 வாக்கு வித்தியாசத்தில் தீர்மானமானது. அவ்வளவு வாடகைக்காரர்கள் அங்கே ஒரே தெருவில் இருப்பார்கள்.

சேர்ப்பதை எளிதாக்கினால் கள்ள ஓட்டு பெருகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒருவரைப் புதிய முகவரியில் சேர்க்கும் அதே படிவம்தான் பழைய முகவரியிலிருந்து அவரை எடுக்கிறது. இருபது ஆண்டு விட்டு ஒரே மாதத்தில் ஒரு கோடிப் பெயரை வெட்டுவதைவிட, மாறும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே வருவதில்தான் பட்டியல் சுத்தமாக இருக்கும். சொந்த ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொள்ளட்டுமே என்பவர்களும் உண்டு. தேர்தலுக்கு முன் தெற்கே போகும் சிறப்புப் பேருந்துகள் நிரம்புவதைப் பார்த்தால் பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரிகிறது. தருமபுரியின் சதவீதத்தில் நகரங்களிலிருந்து அப்படித் திரும்பிப் போனவர்களும் இருப்பார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகள் படிப்பதும், வெள்ளத்தில் அவர்கள் வண்டி மூழ்குவதும் சென்னையில். கட்டாய வாக்களிப்பு தீர்வல்ல. குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2015-இல் உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாதவரை எந்தச் சட்டத்தாலும் வாக்களிக்க வைக்க முடியாது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சாவடி வாரியான வாக்குப்பதிவு சதவீதத்தை வெளியிடும்போது, பக்கத்திலேயே அந்தச் சாவடியின் ஏ.எஸ்.டி. பட்டியலில் எத்தனை பெயர் என்ற எண்ணையும் அச்சிட வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும். அப்போதுதான் எது அக்கறையின்மை, எது பழைய பட்டியல் என்று பிரித்துப் பேச முடியும். பெயர் சேர்க்கும் தகுதி நாள் 2022 முதல் ஆண்டுக்கு நான்கு. அந்த நான்கு முறையும் வாடகைக்காரர்கள் அதிகமுள்ள வார்டுகளில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, ரசீது கேட்டு அலைக்கழிக்காமல் நேரடிச் சரிபார்ப்பில் பெயரை ஏற்க வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கீட்டு ஆணையும் சாவியும் கொடுக்கும் மேசையிலேயே, படிவம் 8-ஐ நிரப்பிக் கையெழுத்து வாங்க ஓர் அலுவலர் உட்கார வேண்டும். வீட்டு எண், குடும்பத் தலைவர், உறுப்பினர்கள், பழைய முகவரி எல்லாம் வாரியத்திடமே இருக்கின்றன. பெரும்பாக்கத்தில் ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு ஒவ்வொரு பிளாக்காகப் போய் இதை இப்போதே தொடங்கலாம்.